தொழிற்சாலையில் பிறக்கும் சுவர்!

வெயிலையும் மழையையும் தடுப்பது எப்படி?

சுவர் கட்டுவது என்றால் நமக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். கொத்தனார் நூல் பிடிப்பார். சித்தாள் கலவை கொண்டு வந்து கொட்டுவார். கல்லுக்கு மேல் கல் வைத்துச் சுவர் எழும்பும். பிறகு பூச்சு வேலை நடக்கும். அதன் பிறகு நாள்தோறும் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. அதில் சுவரைக் கட்டுவது இல்லை. இட்லி வார்ப்பது போல வார்த்து எடுக்கிறார்கள்!

கதவுக்கு இடம் விட்டு, ஜன்னலுக்கு இடம் விட்டு, ஓர் அறையின் சுவர் முழுவதும் ஒரே பலகையாகத் தொழிற்சாலையில் தயாராகிறது. அதை லாரியில் ஏற்றுகிறார்கள். கட்டிடம் எழும்பும் இடத்துக்குக் கொண்டு வருகிறார்கள். கிரேன் அதைத் தூக்கி நிறுத்துகிறது. பக்கத்துப் பலகையோடு இணைத்து விடுகிறார்கள். சுவர் தயார்!

இதற்கு "முன்வார்ப்பு கான்கிரீட்" என்று பெயர். கட்டிட வேலைக்காரர்கள் "பிரிகாஸ்ட்" என்று சொல்லுவார்கள்.

இத்தகைய வீட்டில் குடியேறும் குடும்பத்தாருக்கு மனதிலே மூன்று கேள்விகள் எழும். ஒட்டு வைத்த சுவர் உறுதியாக நிற்குமா? மழை ஒழுகுமா? சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியுமா?

நியாயமான கேள்விகள்தான். ஆனால், பலகையின் கனத்தை மட்டும் பார்த்தால் இவற்றுக்குப் பதில் கிடைக்காது. பலகையும் பலகையும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். பலகையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

எப்படி வார்க்கிறார்கள்?

தொழிற்சாலையிலே பெரிய இரும்பு மேஜை இருக்கும். அதன் மேல் நான்கு பக்கமும் சட்டம் அடைப்பார்கள். உள்ளே கம்பி கட்டுவார்கள். மின்சார ஒயர் போகும் குழாயையும், சுவிட்சு பெட்டியையும்கூட அப்போதே வைத்து விடலாம். பிறகு கான்கிரீட் கலவையை ஊற்றுவார்கள்.

உடனே மேஜை அதிரும். அந்த அதிர்ச்சியில் கலவைக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் வெளியேறும். சந்து பொந்து இல்லாமல் கான்கிரீட் கெட்டியாகப் படியும். சில தொழிற்சாலைகளில் நீராவி செலுத்துவார்கள். சூடும் ஈரமும் கிடைப்பதால் கான்கிரீட் விரைவில் இறுகும். இன்று ஊற்றிய பலகையை நாளையே எடுத்து விடலாம்.

இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, தரம். வேலை கூரைக்கு அடியில் நடக்கிறது. வெயில் வந்து கலவையை உலர்த்துவது இல்லை. மழை வந்து கரைப்பதும் இல்லை. இரண்டாவது, நேரம். கட்டிடத்துக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டு இருக்கும்போதே, தொழிற்சாலையில் சுவர்கள் தயாராகிவிடும்.

கோல் வலை கண்ட என்ஜினீயர்

இது நேற்று வந்த முறை அல்ல. இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஜான் அலெக்சாந்தர் பிராடி என்பவர் நகர என்ஜினீயராக இருந்தார். 1905-ஆம் ஆண்டில், எல்டன் தெருவில் ஏழைத் தொழிலாளர்களுக்காக அவர் மாடி வீடுகளை எழுப்பினார். சுவர்களைப் பலகை பலகையாக வார்த்து, கொண்டு வந்து பொருத்தினார். நகரத்துக் குப்பையை எரித்த பிறகு கிடைக்கும் கட்டிச் சாம்பலை உடைத்து, ஜல்லிக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் சேர்த்தார்!

கால்பந்தாட்டத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் வலை கட்டுகிறார்கள் அல்லவா? அந்த வலையைக் கண்டுபிடித்தவரும் இதே பிராடிதான். 1912-ஆம் ஆண்டில் புது டெல்லி நகரத்துக்குத் திட்டம் போட வந்த குழுவிலும் அவர் இருந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த முறை வேகமாகப் பரவியது. குண்டு விழுந்து பல நாடுகளில் வீடுகள் அழிந்து போயிருந்தன. சோவியத் ரஷியாவில் ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பங்கு போட்டு வாழ்ந்தன. சமையல் அறை ஒன்றுதான். அடுப்புக்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

1957-ஆம் ஆண்டில், குருஷேவ் காலத்தில், ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற திட்டம் முழு மூச்சில் தொடங்கியது. தொழிற்சாலையில் வார்த்த பலகைகளைக் கொண்டு 5 மாடிக் கட்டிடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. கோடிக்கணக்கான மக்களுக்குச் சொந்தமாக ஒரு கதவு, சொந்தமாக ஓர் அடுப்பு கிடைத்தது. அது பெரிய காரியம்.

ஆனால் ஒரு குறையும் இருந்தது. பலகைகள் சேரும் இடத்தில் இருந்த இடைவெளி வழியே பனிக்காலத்துக் குளிர் காற்று உள்ளே புகுந்தது. அவசரத்தில் சுவர் எழுந்தது. இணைப்பில் கவனம் குறைந்தது.

ஒரு தீக்குச்சி!

இணைப்பில் கவனம் குறைந்தால் குளிர் மட்டுமா வரும்? உயிருக்கே ஆபத்து வரலாம். அதை உலகத்துக்குக் காட்டிய சம்பவம் லண்டனில் நடந்தது.

கிழக்கு லண்டனில் "ரோனன் பாயிண்ட்" என்ற 22 மாடிக் கட்டிடம் இருந்தது. வார்த்த பலகைகளால் ஆன கட்டிடம். புத்தம் புதியது. மக்கள் குடியேறிச் சுமார் இரண்டு மாதமே ஆகி இருந்தது.

1968-ஆம் ஆண்டு மே மாதம் 16-ந்தேதி. பொழுது விடிந்து கொண்டிருந்தது. 18-வது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போடுவதற்காக எழுந்தார். தீக்குச்சியைக் கிழித்தார். வீட்டுக்குள் கியாஸ் கசிந்து பரவி இருந்தது அவருக்குத் தெரியாது.

"டமார்!" என்று வெடித்தது. சுவர்ப் பலகை பிய்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. அந்தப் பலகையை நம்பித்தான் மேல் மாடி நின்றது. தாங்குவதற்கு ஆள் இல்லாமல் மேலே இருந்த மாடிகள் சரிந்தன. அந்தப் பாரம் விழுந்து கீழே இருந்த மாடிகளும் சரிந்தன. கட்டிடத்தின் ஒரு மூலை, சீட்டுக் கட்டு சரிவது போல மேலிருந்து கீழ் வரை சரிந்து விட்டது!

4 பேர் இறந்தார்கள். 17 பேர் காயம் அடைந்தார்கள். அதிகாலை நேரம் ஆனதால் பலர் படுக்கை அறையில் தூங்கிக்கொண்டு இருந்தார்கள். பெரும்பாலும் இடிந்தவை கூடங்கள். அதனால்தான் சாவு குறைந்தது. தீக்குச்சி கிழித்த பெண்மணி உயிர் பிழைத்தார்.

விசாரணை நடந்தது. அப்போது ஓர் உண்மை வெளிவந்தது. அந்தப் பெண்மணியின் காதுச் சவ்வு கிழியவே இல்லை. அப்படியானால் வெடிப்பு அப்படி ஒன்றும் பெரியது அல்ல! சிறிய வெடிப்புக்கே 22 மாடிக் கட்டிடத்தின் மூலை போய்விட்டது. காரணம், பலகைகளை ஒன்றோடு ஒன்று கட்டிப்பிடித்து வைக்கும் இணைப்பில் வலு இல்லை.

இடிந்த மூலையைத் திருப்பிக் கட்டினார்கள். ஆனாலும் மக்களின் சந்தேகம் தீரவில்லை. 1986-ஆம் ஆண்டில் கட்டிடத்தை மாடி மாடியாகப் பிரித்தார்கள். அப்போது இணைப்புகளைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். சிமெண்டுக் கலவை இருக்க வேண்டிய இடங்களில் பழைய செய்தித்தாள்கள் திணிக்கப்பட்டு இருந்தன!

பலகையில் குறை இல்லை. பலகையைச் சேர்த்த கையில்தான் குறை.

அந்த விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் கட்டிட விதிகளை மாற்றினார்கள். ஒரு பலகை போனாலும் கட்டிடம் முழுவதும் சரியக்கூடாது என்று விதி வந்தது. மற்ற நாட்டு என்ஜினீயர்களும் பாடம் கற்றார்கள். இன்று நல்ல முறையில் கட்டுகிறவர்கள் ஒரு பலகையின் கம்பியை அடுத்த பலகையின் கம்பியோடு பிணைக்கிறார்கள். நடுவில் சுருங்காத கலவையை ஊற்றி இறுக்குகிறார்கள். தளத்தையும் சுவரையும் கம்பியால் கட்டுகிறார்கள். ஒரு பலகை கைவிட்டாலும் பக்கத்துப் பலகைகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும்.

இரவில் சுடும் சுவர்

அடுத்தது, வெயில்.

மேற்குப் பார்த்த கான்கிரீட் சுவரில் மாலை நேரத்தில் கை வைத்துப் பாருங்கள். சுடும். இரவு 9 மணிக்கு உள் பக்கம் கை வைத்துப் பாருங்கள். அப்போதும் சூடு இருக்கும். பகல் முழுவதும் குடித்த வெயிலைச் சுவர் இரவில் வீட்டுக்குள் கக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசுகிறது. குழந்தைகள் தூக்கம் இல்லாமல் புரள்கின்றன. ஏ.சி. உள்ள வீடுகளில் மின்சாரக் கட்டணம் ஏறுகிறது.

சுவரைக் கனமாக வார்த்தால் சூடு வராதா? கொஞ்சம் தாமதமாக வரும். வராமல் இருக்காது. கான்கிரீட் வெப்பத்தைக் கடத்தும் பொருள். தெர்மோகோல் அப்படி அல்ல. அதற்குள் நிறைந்திருப்பது காற்று. அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

1 அங்குலத் தெர்மோகோல் தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டை மட்டும் வைத்துத் தடுக்க வேண்டுமானால், 3 அடிக்கு மேல் கனமான சுவர் வேண்டும். கோட்டைச் சுவர்தான் கட்ட வேண்டும்!

ஆகவே என்ஜினீயர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். இரண்டு கான்கிரீட் பலகைகள். நடுவிலே 2 அல்லது 3 அங்குலத்துக்குத் தெர்மோகோல் போன்ற நுரைப் பலகை. எல்லாம் சேர்ந்து ஒரே சுவர். ரொட்டிக்கு நடுவில் காய்கறி வைத்த "சாண்ட்விச்" போல இருப்பதால், அதற்குச் சாண்ட்விச் சுவர் என்றே பெயர்.

வெளிப் பலகை வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ளும். நடுவில் உள்ள நுரை சூட்டை அங்கேயே நிறுத்தும். உள் பலகை வெயிலைக் காணாமல் நிழலில் இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் குளிர்ச்சியை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

தெர்மோகோல் நெருப்பில் உருகும், எரியும். இரண்டு பக்கமும் கான்கிரீட் மூடி இருப்பது அதற்குக் காவல். ஜன்னல், கதவு ஓரங்களில் நுரை வெளியே தெரியாதபடி எரியாத பொருளால் மூடிவிட வேண்டும்.

கரண்டிக் காம்பின் பாடம்

இங்கேயும் இணைப்பின் வேலை உண்டு. கொதிக்கும் பாலில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் காம்பு சுடும். மரக் கரண்டியானால் சுடாது.

சாண்ட்விச் சுவரில் இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடிக்க நுரையின் ஊடே கம்பிகள் போகின்றன. அவை இரும்பானால், எவர்சில்வர் கரண்டி போலச் சூட்டை உள்ளே கொண்டு வரும். ஜன்னல் ஓரத்தில் நுரையை நிறுத்தி இரண்டு பலகைகளையும் கான்கிரீட்டாலேயே சேர்த்துவிட்டால் இன்னும் மோசம். நுரையால் கிடைக்க வேண்டிய பயனில் பெரும் பகுதி அந்த ஓரத்திலேயே போய்விடும். அதனால் இரும்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழையால் செய்த ஊசிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை மரக் கரண்டி போன்றவை.

2018-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசாங்கத்தின் மின்சார அமைச்சகம் வீடுகளுக்கு ஓர் எரிசக்தி விதித் தொகுப்பை வெளியிட்டது. "ஈகோ நிவாஸ் சம்ஹிதா" என்பது அதன் பெயர். குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக மற்ற இடங்களில், சுவர், ஜன்னல் எல்லாம் சேர்த்து உள்ளே வரும் வெப்பம் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்று அது வரையறுத்தது.

சுவர் மட்டும் நன்றாக இருந்தால் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஜன்னலுக்கு மேல் நிழல் தரும் வெளிச்சட்டம் வேண்டும். வெளிப்புறத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் வேண்டும். இவை செலவு குறைந்த வழிகள்.

கம்பியைத் தின்னும் துரு

சுவர் நெடுநாள் உழைக்க வேண்டும் அல்லவா? அதற்கு எதிரி, துரு.

கான்கிரீட்டுக்குச் சுண்ணாம்பு போன்ற காரத் தன்மை உண்டு. அந்தக் காரம் இருக்கும் வரையில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. ஆனால், கான்கிரீட்டில் நுண்ணிய துளைகள் இருந்தால் காற்றில் உள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே போய்க் காரத்தைக் குறைக்கும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்து போகும். அப்போது கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். கான்கிரீட் வெடித்து, சிம்பு சிம்பாக உதிரும். சென்னைக் கடற்கரை ஓரத்துப் பழைய வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

இதற்கு மருந்து இரண்டு. கான்கிரீட் நெருக்கமாக இருக்க வேண்டும். கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடி இருக்க வேண்டும். கடற்காற்று நேராகப் படும் இடத்தில் 45 மில்லி மீட்டர் மூட வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தர விதி கூறியது. தொழிற்சாலையில் கலவையில் தண்ணீரைச் சரியாக அளந்து சேர்க்கலாம். கம்பியை விலகாமல் வைக்கலாம். தெரு ஓரத்து வேலையைவிட இது எளிது.

மழைக்கு இரண்டு காவல்

கான்கிரீட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 20 அடி நீளமுள்ள பலகை 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லி மீட்டர் நீளும். ரெயில் தண்டவாளத்தில் இடைவெளி விடுவது இதற்காகத்தான். எனவே, வெளிப்புறத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். அதைச் சிமெண்டால் அடைத்தால் வெடித்துவிடும். ரப்பர் போல இழுபடும் சீலண்டு பசையால் அடைக்கிறார்கள்.

நல்ல சுவரில் இந்தப் பசை இரண்டு வரிசையாக இருக்கும். வெளியே ஒன்று; உள்ளே ஒன்று. நடுவில் காலி இடம். வெளி வரிசையைத் தாண்டி மழைநீர் வந்தாலும், அந்தக் காலி இடத்தில் இறங்கி, கீழே உள்ள துளை வழியாக வெளியே போய்விடும். வீட்டுக்குள் வராது.

பசைக்கு ஆயுள் உண்டு. வெயிலில் காய்ந்து 10 அல்லது 20 ஆண்டுகளில் வெடிக்கத் தொடங்கும். அப்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கான்கிரீட் பல தலைமுறைக்கு நிற்கலாம். பசையைக் கவனிக்காவிட்டால் பத்தாவது மழைக்காலத்திலேயே சுவர் ஓதம் காத்துவிடும்.

பெரும்பாக்கத்தில்

நம் ஊரிலும் இந்த முறையில் வீடுகள் எழுந்துள்ளன. சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் ஏழைக் குடும்பங்களுக்காக 1,152 வீடுகளை 116 கோடி ரூபாயில் கட்டினார்கள். 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 26-ந்தேதி திறப்பு விழா நடந்தது. ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை!

நாட்டில் 6 நகரங்களில் ஆறு விதமான புது முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் சென்னைக்குக் கிடைத்தது முன்வார்ப்பு முறை. தூண், உத்தரம், தளம், படிக்கட்டு எல்லாம் முன்னதாகவே வார்த்து, கொண்டு வந்து பொருத்தப்பட்டன.

வார்ப்பு முறையால் வேகம் கிடைக்கும். ஆனால், வார்த்த வீடு என்பதாலேயே அது குளிர்ந்த வீடு ஆகிவிடாது. குளிர்ச்சி வேண்டுமானால் அதற்கென்று தனியாகத் திட்டம் போட வேண்டும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்குகிறவர்கள் தரையில் என்ன கல் பதித்து இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கதவு தேக்கா என்று தட்டிப் பார்க்கிறார்கள். வார்த்த சுவர் உள்ள வீடானால் இன்னும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

பலகைகளை எப்படி இணைத்து இருக்கிறார்கள்? அந்த வேலையை என்ஜினீயர் மேற்பார்த்தாரா?

மேற்குச் சுவரிலும் மொட்டை மாடியிலும் வெப்பத் தடுப்பு இருக்கிறதா?

மழைநீர் வெளியேற வழி இருக்கிறதா? பசையைப் புதுப்பிக்கக் குடியிருப்போர் சங்கத்தில் பணம் ஒதுக்குகிறார்களா?

எந்தச் சுவர் பாரம் தாங்கும் சுவர்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். குடியேறிய பிறகு, "இங்கே ஒரு கதவு இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும். அலமாரிக்காகச் சுவரைக் குடையத் தோன்றும். செங்கல் தடுப்பை இடித்த பழக்கத்தில் வார்த்த சுவரை இடிக்கக்கூடாது. அது உங்கள் வீட்டுக்கு மட்டும் சுவர் அல்ல. மேல் மாடியில் தூங்கும் குழந்தைகளையும் அதுதான் தாங்கி நிற்கிறது.